மறுமுனை இல்லாத ஒயர்

1

"கண்ணு தெரியாத பொண்ணு கையில மைக் செட்டக் குட்த்தா, கண்ணாலம் கருமாதி ஆயிப்பூடும்."

இதைச் சொன்னவர் என் சித்தப்பா. திருவொற்றியூரில் 'கடலரசி சவுண்ட் சர்வீஸ்' நடத்துகிறார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் அதே நான்கு ஆம்ப்ளிஃபையர், அதே குழாய் ஸ்பீக்கர்கள். காலையில் ஒரு வீட்டில் ஒப்பாரி வைத்த குழாய், சாயங்காலம் இன்னொரு வீட்டில் மணமக்களை வாழ்த்தும். அதனால் கல்யாணம் கருமாதி ஆவதற்கு என் உதவி தேவையில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு வயதில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. நைனா விசைப்படகில் கடலுக்குப் போனால் திரும்பப் பல நாளாகும். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்பார். விடுதிப் பள்ளி விடுமுறை விட்டால் என்னைப் பார்த்துக்கொள்ள வசதியான இடம் சித்தப்பா கடைதான். அங்கே உட்கார்ந்து எல்லாக் குமிழ்களையும் திருகித் திருகி, ஆம்ப்ளிஃபையர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிப்போ, நான்தான் செட்டைப் பார்த்துக்கொள்வேன் என்று அடம் பிடித்தபோதுதான் மேலே சொன்ன வாசகம் வந்தது. ஆனாலும் கூட்டிப்போனார். மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, எதிரில் ஒரு ஆம்ப்ளிஃபையரை வைத்து, "இது உன் பொறுப்பு, நான் பின்னால கீறேன்" என்றார்.

அன்று நான் வேலை செய்ததுபோல் அப்புறம் எந்த அலுவலகத்திலும் செய்ததில்லை. பாட்டுக்காரர் தொண்டையைச் செருமினால் குறைத்தேன். டிரம் அடங்கினால் ஏற்றினேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் தலையைத் தடவி, ஷோக்காப் பண்ணுது பொண்ணு என்றார்கள். கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. அப்போது பெண்ணின் தாய்மாமன் வந்து, காது கிழிகிறது, கொறைம்மா என்றார். குறைத்தேன். குறையவில்லை. இன்னும் திருகினேன். குமிழ் அடிவரை போய் இடித்தது. பாட்டு மட்டும் அப்படியே மண்டபத்தை இடித்துக்கொண்டிருந்தது.

ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். கரண்ட் ஒயர் இருந்தது. தொட்டால் சூடாக இருக்க வேண்டுமே, அதற்காக. ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர் இல்லை. உண்மையான செட்டை மேடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சித்தப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புதான். அதுதான் இன்னும் உறுத்துகிறது. மண்டபம் முழுக்கத் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

சண்டைக்குப் போனேன். சித்தப்பா அசரவில்லை.

"ஒயரு கீதா இல்லியான்னு தடவிப் பாக்காம குந்தினது யாரு தப்பு?"

2

இப்போது ஹாம்பர்க்கில் இருக்கிறேன். இதுவும் துறைமுக ஊர், இங்கேயும் கப்பல் ஊதும். ஆனால் இந்தத் துறைமுகத்துக்கு வாசனையே இல்லை. எங்கே இறங்குவது என்று தெரியாமல் முதல் மாதம் திண்டாடினேன். நம்மூரில் எண்ணூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரைக் கேட்கவே வேண்டாம். கருவாடு வந்தால் ஒரு ஸ்டாப், டயர் கருகும் வாடை வந்தால் அடுத்தது, மூக்கில் ஊசி குத்துவதுபோல் உரத் தொழிற்சாலைக் காற்று வந்தால் அதற்கடுத்தது, நாக்கில் சாம்பல் படிந்தால் எண்ணூர் வந்துவிட்டது. இங்கே ஊரையே சோப்புப் போட்டுக் கழுவிவைத்திருக்கிறார்கள். இதை முன்னேற்றம் என்கிறார்கள். இருக்கலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதற்கப்புறம் கல்லூரி, மேல்படிப்பு, விமானம் எல்லாவற்றுக்கும் முதல் ஆள் நானேதான். கண் நன்றாகத் தெரிகிற ஆண்பிள்ளைகள் தெருவில் இத்தனை பேர் இருக்க, இந்தப் பெண் எப்படிப் போனாள் என்பது எங்கள் குப்பத்துக்கு இன்னும் செரிக்கவில்லை. செரிக்க நான் மருந்து கொடுப்பதாக இல்லை.

என் பெயர் அஞ்சலை. இங்கே அது 'அன்யலை' ஆகிவிட்டது. நானும் பழிக்குப் பழி வாங்கியிருக்கிறேன். ஜெர்மன் மொழியில் 'நீ'யும் உண்டு, 'நீங்கள்' என்பதும் உண்டு. விசா நீட்டிக்கப் போன இடத்தில் அதிகாரி அம்மாவை முதல் வாக்கியத்திலிருந்து 'நீ' போட்டுப் பேசினேன். எங்கள் பக்கம் கவுன்சிலரையே வா போ என்போம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, நெருக்கம்தான். அந்த அம்மாவுக்கு என் நெருக்கம் பிடிக்கவில்லை. நான் கொண்டுபோன காகிதங்களில் திடீரென்று ஒன்று குறைந்துவிட்டது. அது என்ன காகிதம் என்று கேட்டதற்கு, எழுத்தில் தெரிவிப்போம் என்றார். எழுத்தில் தெரிவித்தார்கள், பார்வையுள்ளவர்கள் மட்டும் படிக்கக்கூடிய அச்சில்.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன நிறுவனம். பேசும் மிக்ஸர் செய்கிறோம். சாப்பிடுகிற மிக்சரும் இல்லை, அம்மாவின் மிக்ஸியும் இல்லை. கச்சேரியில் எந்த மைக் எவ்வளவு கேட்க வேண்டும் என்று ஏற்றி இறக்குகிற பலகை அது. முன்பெல்லாம் அதில் தொட்டுத் தெரிந்துகொள்ளக் குமிழும் தள்ளு பொத்தானும் இருந்தன. இப்போது எல்லாவற்றையும் வழவழவென்று கண்ணாடித் திரையாக்கிவிட்டார்கள். கண் தெரியாதவர்களுக்கு அதுவும் ஜன்னல் கண்ணாடியும் ஒன்று. எங்கள் மிக்ஸர், விரல் எங்கே இருக்கிறது, எந்த மைக் ஏறுகிறது, எது மூடியிருக்கிறது என்பதைக் குரலில் சொல்லும். எப்போது என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது என் வேலை. எப்போது வாயை மூட வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. அதற்குத்தான் அதிக காலம் பிடித்தது.

பல மொழிகளில் அது பேசும். தமிழுக்குக் கிடைத்த எந்திரக் குரல் தலைப்புச் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. "ஒலிவாங்கி ஒன்று, உயர்த்தப்படுகிறது" என்று அது முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். அதனால் நானே பேசிப் பதிவு செய்தேன். "மொத மைக்கு ஏறுது." "டிரம்மு மூடிக்கினு கீது." சுருக்கமாக, சுருக்கென்று. என் முதலாளி தாமஸுக்குத் தமிழ் தெரியாது, அதனால் உடனே ஒப்புதல் கிடைத்தது.

3

வசந்த காலத்தில் இங்கே இசைக்கருவித் தொழில்காரர்களின் பெரிய மாநாடும் கண்காட்சியும் நடக்கும். இந்த வருடம் எங்களுக்கும் ஒரு ஸ்டால் கிடைத்தது. அதோடு அரங்கத்தின் சின்ன மேடையில் ஒரு செய்முறை விளக்கம். நான்கு பேர் கொண்ட இசைக்குழு பாடும், நான் எங்கள் மிக்ஸரில் ஒலியைக் கவனிப்பேன். பெரிய மிக்ஸர் நிறுவனம் ஒன்றிலிருந்து முக்கியமானவர்கள் வந்து பார்ப்பார்கள். பிடித்தால், பேசும் வசதியை அவர்களுடைய எல்லா மிக்ஸரிலும் சேர்ப்பார்கள். பிடிக்காவிட்டால் நாங்கள் நன்கொடைப் பணத்தில் வாங்குகிற பார்வையற்றோர் பள்ளிகளுக்கு விற்றுக் காலம் தள்ளுவோம். தாமஸுக்கு இருந்த கவலை அது. என் கவலை அதைவிடச் சின்னது. ஒரு நிஜ மேடையில், நிஜமாகப் பாட்டு ஓடும்போது, மிக்ஸர் என் கையில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து பாக்கி அது.

எல்லோருக்கும் எளிதான தொழில்நுட்பம் என்பது இந்த வருட மாநாட்டின் முழக்கம். நுழைவுச் சீட்டு தருகிற எந்திரம் தொடுதிரை. எந்திரம் பேசவில்லை. தரையில் எங்களைப் போன்றவர்களுக்காகப் புடைப்புக் கோடு போட்டிருந்தார்கள். ஆசையாகக் கைத்தடியால் அதைத் தொடர்ந்து போனேன். அது நேராக ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்கு அடியில் போய் முடிந்தது.

என் மாற்றுத்திறனாளி அட்டையில், துணைக்கு ஓர் ஆளை இலவசமாக அழைத்துவரலாம் என்ற குறி உண்டு. மாநாட்டுக் கணினி அதைப் படித்து, எங்கள் நிறுவனத்தின் பெயரில் வந்த இரண்டாவது ஆளை என் துணை என்று பதிந்துகொண்டது. அந்த இரண்டாவது ஆள் தாமஸ். மூன்று நாளும் நிறுவன அதிபர் கழுத்தில் 'துணையாள்' என்ற அட்டை தொங்கியது. மாற்றித்தரக் கேட்டோம். மாற்ற வேண்டுமானால் முதலில் எனக்குத் துணை தேவையில்லை என்று டாக்டர் எழுதித்தர வேண்டுமாம். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி அட்டை போட்டிருந்த பிறகும் வந்தவர்கள் எல்லாக் கேள்வியையும் துணையாளிடமே கேட்டார்கள். இவர்தான் இதை உருவாக்கினார் என்று அவர் என்னைக் காட்டினால், என்னிடம் திரும்பி, ரொம்ப மெதுவாக, ரொம்பச் சத்தமாக, "அருமை!" என்றார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். தொழிலே அதுதான்.

விளம்பரப் பிரிவு ஒரு யோசனை செய்திருந்தது. வருகிறவர்கள் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு மிக்ஸரை இயக்கிப் பார்க்கலாம். கட்டிக்கொண்டார்கள். தடவினார்கள். தடுமாறினார்கள். துணியை அவிழ்த்துவிட்டுச் சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். எவ்வளவு தைரியம் உங்களுக்கு என்றார்கள். நம்மூரில் ஐயோ பாவம் என்று சில்லறை போடுவார்கள். இங்கே சில்லறை இல்லாமல் அதையே செய்கிறார்கள்.

இரண்டாம் நாள் ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. அப்பா, பத்து வயது மகள். அவர் ஏதோ பெரிய நிறுவனத்தில் பெரிய வேலை. தமிழ்ச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் பொறுப்பாளராம். மிக்ஸர் தமிழ் பேசும் என்றதும் பூரித்துப்போனார். மொழியை மாற்றிக்கொடுத்தேன். மகள் திரையில் ஒரு பொத்தானைக் கீழே தள்ளினாள். "டிரம்மு மூடிக்கினு கீது" என்றது மிக்ஸர்.

அப்பா என் பக்கம் நெருங்கி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இது யாரும்மா பேசியிருக்கிறது? ஒரு மாதிரி... இறங்கின தமிழா இருக்கே. வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நல்ல தமிழ் இருந்தா நமக்குக் கௌரவம் இல்லையா?"

"நான்தான் சார் பேசியிருக்கிறது. எங்க வூட்ல இப்டித்தான் பேசிக்கினு கீறோம்."

அவருக்குச் சொந்த ஊர் அடையாறோ மயிலாப்பூரோ இருக்க வேண்டும். கேட்கவில்லை. இந்த நேரத்தில் மகள் எல்லாப் பொத்தானையும் இறக்கி இறக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுவரை அப்பாவுக்கு ஜெர்மனிலேயே பதில் சொன்ன பெண், அவர் கையைப் பிடித்து இழுத்தபோது தெளிவாகச் சொன்னாள்: "அப்பா, மூடிக்கினு கீது!" ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வருடக்கணக்காகச் செய்ய முடியாததை எங்கள் மிக்ஸர் ஒரு நொடியில் செய்துவிட்டது. அவர் நன்றிகூடச் சொல்லாமல் போனார்.

4

மேடை நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மத்தியானம் ஒலி சரிபார்ப்பு. மேடைக்குப் பொறுப்பாளர் வெர்னர் என்ற வயதான மனிதர். அருகில் வந்தால் புதினா மிட்டாயும் அதற்கடியில் சிகரெட்டும் மணக்கும். என்னைக் கொண்டுபோய் மிக்ஸர் முன்னால் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் நான் செய்த முதல் காரியம், மிக்ஸரின் முதுகைத் தடவியது. சித்தப்பா புண்ணியத்தில் வந்த வழக்கம். ஸ்பீக்கருக்குப் பாட்டைக் கொண்டுபோகிற தடித்த ஒயர் ஒன்று உறுதியாகச் சொருகியிருந்தது. அது தரையில் இறங்கி, மேடையோரமாக ஓடி, தொங்குகிற ஒரு துணிக்குப் பின்னால் போனது. பக்கத்தில் மெல்லிய ஒயர் ஒன்றும் இருந்தது. அது மிக்ஸரின் பேச்சுக் குரலை அரங்கத்து ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவது. பேசும் மிக்ஸர் பேசுவதைப் பார்வையாளர்களும் கேட்க வேண்டுமே. எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டேன்.

குழு பாட ஆரம்பித்தது. பாடகி லேனாவின் குரல் கொஞ்சம் முன்னால் நின்றது. அவள் மைக்கை இறக்கினேன். குரல் இறங்கியது. ஆனால் ஒரு மூச்சு தாமதமாக. சந்தேகப்பட்டுச் சடாரென்று ஏற்றினேன். குரல் மெதுவாக, பணிவாக, படியேறுவதுபோல் ஏறியது. என் கை அவ்வளவு பணிவான கை இல்லை. விரலை மேலும் கீழும் படபடவென்று ஆட்டிப் பார்த்தேன். பாட்டில் ஒரு அசைவும் இல்லை.

எழுந்தேன். தடித்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அதோடு போனேன். துணியைத் தாண்டி இரண்டடி போனதும் அது முடிந்துவிட்டது. மறுமுனையை அழகாகச் சுருட்டி, பட்டை போட்டுக் கட்டி, தரையில் வைத்திருந்தார்கள். சித்தப்பா ஒயரே போடவில்லை. ஜெர்மன்காரர்கள் ஒயரைப் போட்டு, சுருட்டிக் கட்டியும் வைத்திருக்கிறார்கள். ஒழுங்குக்குப் பேர்போன தேசம் அல்லவா.

அங்கேயே புதினா மணத்தது. இன்னொரு மிக்ஸரை வைத்துக்கொண்டு வெர்னர் உட்கார்ந்திருந்தார். என் கையைக் கேமராவில் பார்த்துப் பார்த்து, அவருக்குச் சரி என்று பட்டதை அவர் செய்துகொண்டிருந்தார்.

தாமஸ் ஓடிவந்தார். அவருக்கு முன்பே தெரியும். அரங்கத்தின் காப்பீட்டு விதி என்றார். சத்தம் அபாய அளவைத் தொட்டால் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும், அதைப் பார்க்கக்கூடிய ஒருவர்தான் இணைப்புள்ள மிக்ஸரில் உட்காரலாம்.

"நம்ம மிக்ஸர் அதை வாயால் சொல்லும். நான்தான் அதை எழுதினேன்" என்றேன்.

"எனக்குத் தெரியும். விதிக்குத் தெரியாது."

"நாளைக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்வீர்கள்? நான் செய்கிறேன் என்றா?"

"நீதானே செய்கிறாய், அன்யலை. அவர் கை வழியாக."

வெர்னர் தலையிட்டு, ஒரு பிரச்சினையும் வராது, நீ என்ன செய்தாலும் சமாளித்துக்கொள்வேன் என்று ஆறுதல் சொன்னார். பாசமாகத்தான் சொன்னார். திருவொற்றியூர் மண்டபத்தின் சிரிப்பு காதில் கேட்டது.

தாமஸ் என்னைத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சினார். பெரிய நிறுவனம் கையெழுத்துப் போட்டால் உலகத்தில் எத்தனையோ பார்வையற்றவர்களுக்கு வேலை கிடைக்கும், ஒரு பதினைந்து நிமிடம் பொறுத்துக்கொள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நான் யோசித்தது வேறு. எனக்கே ஒயர் கொடுக்காமல் இதை விற்றால், நாளைக்கு வாங்குகிற ஒவ்வொரு இடத்திலும் துணிக்குப் பின்னால் ஒரு வெர்னரை உட்கார வைப்பார்கள். மிக்ஸர் பேசிக்கொண்டே இருக்கும், எங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

சரி என்றேன். எதற்குச் சரி என்று சொல்லவில்லை.

5

மறுநாள் மேடைக்கு எதிரில் கூட்டம் இருந்தது. முதல் வரிசையில் பெரிய நிறுவனத்து ஆட்கள் இருப்பதாகத் தாமஸ் காதில் சொன்னார். அவர் காலணி ஒரு இடத்தில் நிற்கவில்லை.

முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. நான் நகர்த்தினேன், மிக்ஸர் ஆங்கிலத்தில் அறிவித்தது, வெர்னர் ஒரு மூச்சு கழித்துச் செய்தார். கைதட்டல். அருமை என்று யாரோ மெதுவாக, சத்தமாகச் சொன்னார்கள்.

இரண்டாவது பாட்டின் நடுவில், சரணம் நன்றாகச் சூடு பிடித்தபோது, கித்தாரைக் கீழே இறக்கினேன். அடிவரை.

"கித்தார், மூடப்பட்டது" என்றது மிக்ஸர் அரங்கத்து ஸ்பீக்கரில். கித்தார் ஒலித்துக்கொண்டே இருந்தது. வெர்னர் நான் கை தவறிவிட்டதாக நினைத்து என்னைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

பேஸ் கித்தாரை இறக்கினேன். "பேஸ், மூடப்பட்டது." டிரம்மை இறக்கினேன். "டிரம், மூடப்பட்டது." கடைசியாக லேனாவை. "பாட்டு, மூடப்பட்டது." எல்லாம் மூடியிருந்தால் ஒருமுறை எச்சரிக்க வேண்டும் என்று முன்பு நானே எழுதிவைத்திருந்தேன். மிக்ஸர் கடமை தவறாமல் சொன்னது: "எல்லாம் மூடப்பட்டுள்ளன. ஒலி இல்லை."

அரங்கம் அதிர இசை போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் சிரிப்பு இடது மூலையிலிருந்து வந்தது. பிறகு பல இடத்திலிருந்து. லேனாவுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்ததோ இல்லையோ, 'ஒலி இல்லை' என்பது காதில் விழுந்து, பாடிக்கொண்டிருந்த வரியின் நடுவில் சிரித்துவிட்டாள். டிரம் ஒன்றிரண்டு அடி தனியாக அடித்துவிட்டு நின்றது.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் நிதானமாகக் கேட்டது: "அப்படியானால் யார் மிக்ஸ் செய்கிறார்கள்?"

தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தால் என்று தாமஸ் ஆரம்பித்தார். நான் முடித்துவைத்தேன். "துணிக்குப் பின்னால் ஒருவர். என் கையைப் பார்த்துச் செய்கிறார். என்னைவிட மரியாதையாக."

துணி விலகியது. புதினா வந்தது. வெர்னருக்குக் கோபம் இருந்தது, கொஞ்சம் வெட்கமும் இருந்தது என்று நினைக்கிறேன், மூச்சு அப்படி வந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டார்: சிவப்பு விளக்கு எரிந்தால் உனக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. முந்தைய நாள் அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் லேனாவை மைக்கில் கத்தச் சொன்னேன். ஸ்பீக்கர் ஒயர் சொருகாவிட்டாலும் மைக்கின் ஒலி அளவு தனி ஒயரில் எங்கள் மிக்ஸருக்கும் வந்துகொண்டிருந்தது. கத்தினாள். தொழில்முறைப் பாடகி, நன்றாகவே கத்தினாள்.

"பாட்டு, அபாய அளவு" என்றது மிக்ஸர்.

வெர்னர் துணிக்குப் பின்னால் போனார். பிறகு சுருட்டின ஒயரைப் பட்டை பிரிக்கிற சத்தம் கேட்டது. சொருகப்போனார். ஒரு நிமிடம் என்று சொல்லி, ஒயரோடு நடந்துபோய் மறுமுனையை அவர் கையிலிருந்து வாங்கி நானே சொருகினேன். 'கிளிக்' என்று விரலில் பட்டது.

மிச்சம் ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருந்தது. அதைச் செய்தேன். பிரமாதம் என்று சொல்லமாட்டேன். தொடக்கத்தில் மைக் ஒருமுறை 'கூ' என்று கூவியது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நம்மூரில் மைக் கூவாமல் ஒரு விசேஷமும் தொடங்கியதில்லை. பதறாமல் இறக்கினேன். இறங்கியது. உடனே இறங்கியது. லேனா கடைசி வரியை மெல்லிய குரலில் எடுத்தபோது மற்ற எல்லாவற்றையும் அவளுக்குக் கீழே கொண்டுபோனேன். அவை போயின.

யாரும் சாகவில்லை. கருமாதி நடக்கவில்லை.

6

அடுத்த வாரம் அலுவலகத்தில் ஆப்பிள் கேக் வைத்து என்னோடு ஓர் உரையாடல் நடத்தினார்கள். ஜெர்மனியில் கேக் வைத்துப் பேசினால் கண்டிக்கிறார்கள் என்று அர்த்தம். உன் துணிச்சலை மதிக்கிறோம், ஆனால் இனிமேல் இப்படிப்பட்ட கருத்துகளை உரிய வழியில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றார்கள். உரிய வழி எது என்று கேட்டேன். அதற்கு ஒரு படிவம் தயாராகிறதாம். பெரிய நிறுவனம் ஆர்வமாக இருப்பதாகக் கடிதம் எழுதியிருக்கிறது. ஆர்வம் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அரங்கத்துக்காரர்கள் விதியைத் திருத்திவிட்டார்கள். பார்வையற்றவர் இனி இணைப்புள்ள மிக்ஸரில் உட்காரலாம், பக்கத்தில் துணையாள் நிற்க வேண்டும். தாமஸ் தன் பழைய அட்டையை எறியாமல் வைத்திருக்கிறார்.

சித்தப்பா போன் செய்தார். எப்போதும் வீடியோவில்தான் கூப்பிடுவார். புது ஸ்பீக்கரைக் காட்டுகிறேன், இதைப் பார் என்பார். நானும் பார்ப்பேன். அம்மா மூலமாகக் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

"வெள்ளக்காரனும் நம்ப ஆளுதாம்மே. ஒயர் குட்காமதானே குந்த வெச்சிருக்கான்."

பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார். அவர் மகள் கலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ராயபுரம். நான் பன்னிரண்டு வயதில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அதே மண்டபம், பாட்டுக் கச்சேரி உண்டு. நீ வந்தே ஆக வேண்டும் என்றார். வருகிறேன், மிக்ஸர் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

 சித்தப்பாவுக்குப் பின்னால் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"பக்கத்துல நம்ப பையன் ஒர்த்தன குந்த வெக்கிறேன். சும்மா, தொணைக்கு."

"வேணாம்."

"எம்மா, கண்ணாலம்மா இது. ஒரு தபாதான் வரும்."

"கருமாதியும் ஒரு தபாதான் சித்தப்பா. நீ அதுக்கெல்லாம் தொணைக்கு ஆள் வெச்சா செட்டு போட்ட?"

சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் போய் முடித்தார். சிரிப்பு அடங்கியதும், செட்டு என் செட்டும்மே, என் பொண்ணு கண்ணாலம்மே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.  கலா போனைப் பிடுங்கி, பெண் அழைப்புக்கு எந்தப் பாட்டு என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது. தூரத்திலிருந்து சித்தப்பா கத்தினார்: "ஒயருன்னா எவ்ளோ நீளம் வேணும்னு சொல்லு, எட்த்து வெக்கிறேன்."

நானே எடுத்துவருகிறேன் என்றேன்.

விடுப்பு கிடைத்துவிட்டது. நாளைக் காலை விமானம். மிக்ஸரைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பப்போகிறேன். ஒயரை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை. கைப்பையில் வைத்திருக்கிறேன். விமான நிலையத்தில் பையைத் திறந்து இது என்ன என்று கேட்பார்கள், என்னைக் கேட்கமாட்டார்கள், என்னைக் கூட்டிப்போகிற உதவியாளரைக் கேட்பார்கள். கேட்கட்டும். சுருட்டும்போது தடவிப் பார்த்துவிட்டேன். இரண்டு முனையும் என்னிடம்தான் இருக்கின்றன.